ஷீபாவுக்கு: சனிக்கிழமைக்கு முன்னால் இதைப் படி

தக்கலை
ஆடி 12

அன்புள்ள ஷீபா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. மைனி வந்து ஒரு குலை மட்டிப்பழம் வைத்துவிட்டுப் போனாள். உனக்கென்று இரண்டு சீப்பு எடுத்துவைத்தேன். நீ வரவில்லை, பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள். ஸ்டெல்லா டீச்சரை சந்தையில் பார்த்தேன். “ஷீபா இன்னும் யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்றுதான் தலையாட்டுகிறாளா?” என்று கேட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ ஒருத்தர் உன் மேக்கப் வேலை முழுவதையும் வீடியோ எடுத்து, உன் பேரில் ஆப் போட்டு, விளம்பரமும் செய்து தருவாராம். அதற்கு அறுபதாயிரம். அப்புறம் நீ தூங்கும்போதும் பணம் வந்துகொண்டே இருக்குமாம். சனிக்கிழமை முன்பணம் கொடுக்கப் போகிறாய். போனில் பதில் சொன்னால் நீ நடுவில் புகுந்து “உனக்கு ஓடுதுல்லா, எனக்கு மட்டும் ஓடாதா?” என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி, அப்புறம் சண்டை போடு.

ஆன்லைன் கிளாஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நீ நடத்தியே ஆகவேண்டும் என்று உன்னைவிட அதிகம் நினைப்பவள் நான். முகூர்த்த நாளில் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, தோவாளைச் சந்தையிலிருந்து பூ வந்ததா என்று பார்த்து, மூன்று மணிக்கு ஒரு பெண்ணின் தலையில் கை வைத்தால், விடியும் வரை நின்றுகொண்டே இருக்கிறாய். உன் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. டாக்டர் நிற்காதே என்கிறார். நிற்காமல் உன் தொழில் நடக்காது. இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது ஷீபா, வெளிப்படையாகவே சொல்கிறேன். இன்னும் பத்து வருஷம் இந்தக் கால் தாங்குமா?

உன் பார்லரும் என் தையலும், நம் இரண்டு பேர் தொழிலும் கையும் காலும் ஓடுகிறவரைதான். ஒரு காலையில் நீ இரண்டு மணப்பெண்ணுக்கு மேல் எடுக்க முடியாது. ரேட்டைக் கூட்டலாம் என்றால் மார்த்தாண்டத்தில் பார்லருக்கா பஞ்சம்? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், சபைக் கல்யாணமும் இல்லை. ஆனால் வாடகையும் கரண்ட் பில்லும் அந்த மாதங்களிலும் வரத்தானே செய்கின்றன. எனக்கு அந்த மாதங்களைத் தாங்கிக்கொடுப்பது, பிளவுஸ் வெட்டச் சொல்லிக்கொடுக்கிற என் ஆன்லைன் கட்டிங் கிளாஸ்தான். இப்போது கடையில் தையல் குறைவு, கிளாஸில் இடமில்லை. ஆவணி பிறந்ததும் கிளாஸை நிறுத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் எனக்குப் பணம் கொடுக்கிறவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீடியோவுக்கு இல்லை. பிளவுஸ் வெட்டுகிற வீடியோ யூடியூபில் சும்மாவே கொட்டிக் கிடக்கிறது. என்னைவிட நன்றாக வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கருங்கல் ஊர்க்காரி ஒரு பிள்ளை, கல்யாணம் ஆகி மஸ்கட்டில் இருக்கிறாள். ஒரு நாள் போட்டோ அனுப்பினாள். “அக்கா, கை தூக்க முடியல. முன்னால கக்கத்துல துணி இழுக்குது.” வீடியோ பார்த்து வீடியோ பார்த்து பக்கத்துத் தையலைப் பிரித்து லூஸ் விட்டிருக்கிறாள், கை சேர்க்கிற வளைவை, அதுதான் ஆம்ஹோலை, இன்னும் குழித்திருக்கிறாள், எதிலும் சரியாகவில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுருக்கம் கக்கத்திலிருந்து தோள் பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. பிளவுஸின் உடம்புத் துணியில் கோளாறு இல்லை, கைத்துணியில்தான் என்று பட்டது. ஒரு கையை மட்டும் பிரித்து மேசையில் விரித்துப் போட்டோ அனுப்பச் சொன்னேன். நினைத்ததுதான். கையில் அதிகம் குழித்து வெட்டிய பக்கம் முன்னால் வரவேண்டும். இவள் வலது கையை இடதிலும் இடது கையை வலதிலும் வைத்துத் தைத்திருக்கிறாள். மாற்றித் தைத்தாள், நேராக நின்றது. அன்றைக்கு ராத்திரி அவள் அனுப்பிய குரல் செய்தியை நான் அழிக்கவில்லை. அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

எந்த வீடியோ அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்? ஆயிரம் பிளவுஸைப் பிரித்துத் தைத்த கண்ணுக்குத்தான் அது தெரியும். கடையில் உட்கார்ந்து நாம் சேர்த்துவைத்தது அந்தக் கண். அதற்குத்தான் காசு. உன் ஆள் எடுக்கப்போகிற வீடியோவில் அது இருக்காது. அதை ஒருத்தி வாங்கினால் மறுநாளே டெலிகிராமில் ஓசியில் ஓடும். ஆனால் நீ பார்த்துத் திருத்திக் கொடுப்பதை யாராலும் காப்பியடிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012-ல் தொடங்கிய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்பு உண்டு. அந்த இரண்டு இடத்துப் பாடங்களையும் ஆராய்ந்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. தம்பி எடுத்துக் காட்டினான். 2017-18-ல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதம் பேர்தான் முடித்தார்களாம். பணம் கட்டி, சான்றிதழுக்கென்று சேர்ந்தவர்களில் 46 சதவீதம். அவ்வளவு பெரிய இடத்துக்கே இப்படி என்றால், வீடியோவை மட்டும் போட்டுவிட்டு நீ தூங்கினால் வாங்கியவளும் தூங்கிவிடுவாள். முடிக்காதவள் இன்னொருத்தியிடம் உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லமாட்டாள். நம்ம ஊரில் வாய்ச்சொல் போனால் எல்லாம் போச்சு. அதனால் ஓசியில் ஆரம்பிக்காதே, பணம் வாங்கு. வாங்கினால் கூடவே இருந்து முடிக்கவை.

அப்புறம் அந்தத் தலைப்பு. ‘மணப்பெண் அலங்காரம் முழுப் பயிற்சி’யாம்! ஏட்டி, ஒருத்தியின் தோல் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் பார்ப்பதைப் போனில் எப்படிச் சொல்லிக்கொடுப்பாய்? டியூப்லைட்டில் ஒரு நிறம், ஜன்னலோரத்தில் ஒரு நிறம், கேமராவில் வேறொரு நிறம். அது பக்கத்தில் நின்று, தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டிய வேலை. அதை உன் பார்லரில் நேரில் நடத்து, அதற்குத் தனி ஃபீஸ் வாங்கு.

ஆன்லைனுக்கு உன்னிடம் தங்கமான ஒன்று இருக்கிறது, நீ அதைக் கவனிக்கவே இல்லை. சேலை ப்ரீ-ப்ளீட்டிங், பாக்ஸ் ஃபோல்டிங். கட்டுவதற்கு முன்னாலேயே மடிப்பெடுத்துத் தேய்த்து, பெட்டிபோல மடித்துக் கொடுக்கிற வேலை. ஒரு சேலைக்கு முந்நூறு ரூபாய் வாங்குகிறாய். ஒரு மேசை, இஸ்திரிப் பெட்டி, கொஞ்சம் கிளிப், ஊக்கு, இவ்வளவுதான் முதல். குலசேகரத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு பெண் வீட்டைவிட்டு இறங்காமல் செய்யலாம். சொல்லிக்கொடுக்கவும் எவ்வளவு இருக்கிறது! பட்டுக்கு மேல் பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்கணும், ஜரிகையில் நேராகச் சூடு வைக்கக் கூடாது. கேரளக் கசவுச் சேலைக்குக் கஞ்சி வேண்டும். ஆர்கன்சா விறைத்து நிற்கும், ஜார்ஜெட் கையில் நிற்காது. கல் ஒட்டின சேலையில் பெட்டியை வைத்தால் பசை இளகிப்போகும். சபைக் கல்யாணத்து வெள்ளைச் சேலையில் சின்னக் கறை பட்டாலும் காட்டிக்கொடுக்கும். அவள் மடித்த மடிப்பைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். நீ ஒரு வட்டம் போட்டு “இந்த இடத்தில் ஓரம் சேரவில்லை” என்பாய். கற்றுக்கொண்ட வாரமே அவள் கையில் காசு வரும். அப்படி வந்தவள்தான் அடுத்து மேக்கப் கற்றுக்கொள்ள உன் பார்லர் படியேறுவாள்.

கேமரா, ஸ்டூடியோ எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடு: இந்தத் தேதி, இந்த ஃபீஸ், பத்துப் பேருக்கு மேல் இல்லை. பத்தும் சேரவில்லை என்றால் ஒரு ரூபாய் நஷ்டமில்லாமல் விஷயம் தெரிந்துவிடும். சேர்ந்தால் கூகுள் மீட்டில் நேரலையாக நடத்து. இரண்டு பேட்ச் போனதும் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பது உனக்கே தெரியும். அந்தக் கேள்விகளுக்குத்தான் வீடியோ எடுக்கவேண்டும், சின்னச் சின்னதாக. போனை மேலே மாட்டிக் கீழ்நோக்கி எடு. வெளிர் நிறச் சேலையில் சொல்லிக்கொடு, கறுப்புத் துணியில் மடிப்பே தெரியாது. காலர் மைக் ஒன்று வாங்கிக்கொள். ஃபேனை அணை. இந்தச் சாரல் கூரை ஷீட்டில் விழுகிற நேரத்தில் மட்டும் எடுக்காதே, மழைதான் பேசும், நீ பேசுவது கேட்காது.

நேரம் ஒன்பது மணி வை. இங்கே சாப்பாட்டு வேலை முடிந்திருக்கும். துபாயிலும் மஸ்கட்டிலும் அப்போது ஏழரை. வளைகுடாவில் இருக்கிற நம்மாட்கள் என்.ஆர்.ஐ. கணக்கில் அந்த ஊர் நம்பரை வைத்தே யு.பி.ஐ. போட 2023-ல் அனுமதி வந்துவிட்டது. எல்லா வங்கியிலும் உண்டா என்று அவர்களையே கேட்டுக்கொள்ளச் சொல்.

அந்த ஆள், ஆன்லைன் பாடங்களை விற்கிற யுடெமி தளத்திலும் போட்டுத் தருகிறேன் என்றாராமே. அங்கே யுடெமியே ஆளைக் கொண்டுவந்தால் ஆசிரியருக்கு 37 சதவீதம். நம்ம கூப்பன் வழியாக வந்தால் 97. ஆளைப் பிடித்துவருகிறவருக்குத்தான் பணம், பார்த்தாயா? உன் போனில் எத்தனை மணப்பெண்கள், எத்தனை மாமியார்கள், எத்தனை நாத்தனார்கள்! அந்த ஆளிடம் இல்லாதது உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஏன் அறுபதாயிரம்?

ஜி.எஸ்.டி.யை நினைத்துப் பயப்படாதே. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. ஆனால் பார்லர் வரவும் கிளாஸ் வரவும் ஒரே பான் கார்டில் சேர்த்துத்தான் கணக்கு. தாண்டினால் ஆன்லைன் கிளாஸுக்கு 18 சதவீதம். கேரளத்துப் பிள்ளைகள் சேர்ந்தாலும் அந்த 20 லட்சம்தான். முதல் நாளிலிருந்தே தனி நோட்டில் எழுதிவை, நம்ம ஆடிட்டர் அண்ணன் சந்தோஷப்படுவார்.

சுந்தரி அக்கா என்னிடம் கேட்டதை உன்னிடமும் கேட்பாள்: “எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்தா உன் பிழைப்பு என்ன ஆகும்?” மஸ்கட்டில் இருக்கிறவள் தக்கலையில் வந்து கடை போடப் போவதில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் கற்றுக்கொண்டால் ஆவணி நெருக்கடியில் எனக்கே ஆள் கிடைக்கிறது. இப்போது ஹெம்மிங்கும் கொக்கியும் என் பழைய மாணவிகளிடம்தான் போகிறது. நம்ம ஊரில் இது புதுசும் இல்லை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஊசி வேலை எத்தனை வீட்டுப் பெண்களுக்கு முதல் சம்பாத்தியமாக இருந்தது! அந்தம்மா தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. உன் போனில் இருக்கிற மணப்பெண்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் கிளாஸிலோ விளம்பரத்திலோ போடாதே. எழுத்தில் சம்மதம் வாங்கு. அந்த ஆளிடம் உன் போட்டோ ஃபோல்டரைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னாயே, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. திரும்ப வாங்கு. நம்மை நம்பி முகம் கொடுத்த பிள்ளைகள் அவர்கள்.

இவ்வளவு சொல்லியும் அவரிடம்தான் கொடுப்பேன் என்றால், முன்பணத்துக்கு முன்னால் இதையெல்லாம் கேள். வீடியோ யாருக்குச் சொந்தம்? ஆப் யார் பேரில்? ஃபீஸ் யார் கணக்கில் முதலில் விழும்? மாதாமாதம் வேறு ஏதும் கட்டவேண்டுமா? நாளைக்கு நீ விலகினால் படித்த பிள்ளைகளின் நம்பர் உன்னிடம் இருக்குமா? எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு, சரி சரி என்று தலையாட்டிவிடாதே.

கடையை மட்டும் மூடாதே. மணப்பெண்ணைக் குறைத்துக்கொள், பிந்தின முகூர்த்தமாகப் பார்த்து எடு, ராத்திரி எழுந்திருக்கிற வேலையை விடு. ஆனால் கை வேலையில் இருக்கவேண்டும். புதுச் சேலை ரகம் வரும், புதுக் கொண்டை வரும். அது பார்லருக்குத்தான் முதலில் வரும். கடை இல்லாமல் கிளாஸ் மட்டும் நடத்துகிறவளிடம் இரண்டு வருஷத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது.

வெள்ளிக்கிழமை உச்சைக்கு மேல் கடையில் நான் மட்டும்தான் இருப்பேன். பஸ் ஏறி வா. இஸ்திரிப் பெட்டியும் ஒரு கசவும் ஒரு ஜார்ஜெட்டும் எடுத்து வா. முதல் பாடத்தை என் போனிலேயே எடுத்துப் பார்ப்போம். ஸ்டேட்டஸில் போடவேண்டியதையும் அங்கேயே எழுதிவிடலாம். ஃபீஸ் ஆயிரத்துக்குக் கீழே வைக்கச் சம்மதிக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
லதா

நரம்புக்கான அந்தக் கால் உறையை மாட்டிக்கொண்டு வா. பையில் மடித்து வைத்துக்கொண்டு வராதே.