பெயர் ஒன்று, கதை வேறு: காமிக்ஸ் ஆர்டர் செய்யும் முன்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் நாம் அனுப்பும் புத்தகங்களில் திரும்பி வருபவை பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன. படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறீர்கள், அதே பெயரில் புத்தகமும் இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் கதை வேறு. ஆசையாகக் காத்திருந்த பிள்ளையின் முகம் வாடிப்போகிறது.

அதிகம் குழப்புவது 'இன்ஃபினிட்டி வார்'. 2018இல் வந்த அந்த அவெஞ்சர்ஸ் படத்தில் வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்கியதும் பாதி உயிர்கள் மறைகின்றனவே, அதன் மூலம் 1991இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்'. மொத்தம் 6 இதழ்கள். சொடுக்கு முதல் இதழிலேயே வந்துவிடும். படத்தில் அவன் சொல்லும் காரணம் மக்கள்தொகை. புத்தகத்திலோ, பெண்ணுருவில் நிற்கும் மரணத்தின் மனத்தைக் கவர்வதற்காகச் செய்கிறான். 1992இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' புத்தகத்தில் வில்லன் மேகஸ் என்னும் வேறொருவன். படத்தில் தானோஸ் சக்திக் கற்களைத் தேடி அலைவதுதான் பிடித்தது என்றால் 1990இன் 'தானோஸ் குவெஸ்ட்' வாங்குங்கள், இரண்டே இதழ்கள். குவெஸ்ட், காண்ட்லெட், வார் என்ற வரிசையில் படித்தால் தடுமாற்றம் இருக்காது.

பேட்மேனிலும் இதே கதைதான். பேன் (Bane) என்னும் வில்லன் பேட்மேனின் முதுகை முறிக்கும் காட்சி 1993இன் 'நைட்ஃபால்' தொடரில் இருக்கிறது. 2012இல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' படம் அதிலிருந்து எடுத்தது. 'டார்க் நைட்' என்று மட்டும் சொன்னால், வயதான பேட்மேன் மீண்டும் களமிறங்கும் 1986 புத்தகம் வந்து சேரும். அருமையான புத்தகம், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

2009இல் வந்த 'ஆர்க்கம் அசைலம்' கேமை விளையாடிவிட்டு அதே பெயருள்ள 1989 புத்தகத்தைப் பிள்ளைகள் கேட்டால், தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள். அது பெரியவர்களுக்கானது, கேமின் கதையும் அதில் இல்லை. 'வாட்ச்மென்' தொகுப்பும் பெரியவர்களுக்குத்தான். அதே பெயரில் வந்த 2019 தொலைக்காட்சித் தொடர் புத்தகத்தின் முடிவிலிருந்து தொடர்கிறது. 2009 படம் அந்த முடிவை மாற்றிவிட்டதால், படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் தொடர் புரியாது.

ஐயாக்கள் 'மாயாவி' கேட்கும்போதும் எந்த மாயாவி என்று சொல்லிவிடுங்கள். முத்து காமிக்ஸ் 1972இல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய மறைந்துபோகிறவர். ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவி, லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேன்டம். 1996இல் ஆங்கிலப் படமாக வந்தது இந்த இரண்டாமவர்தான்.

ஆகவே ஆர்டர் அனுப்பும்போது எந்தப் படம் அல்லது கேம், அதில் மனத்தில் நிற்கும் காட்சி, படிக்கப்போகிறவரின் வயது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். சரியான புத்தகத்தை எடுத்துவைப்பது எங்கள் பொறுப்பு.

சிங்கப்பூரிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் ப்ளேஸ்டேஷன் 4, 5 கேம் டிஸ்க் இங்கும் ஓடும். ஆனால் கேமின் கூடுதல் அத்தியாயங்களுக்காக டிஸ்க்குடன் வரும் கோட் (code), அந்த ஊர் ப்ளேஸ்டேஷன் கணக்கில்தான் ஏறும். இந்தியக் கணக்கில் போட்டால் மறுத்துவிடும். பழைய டிஸ்க் வாங்கினால் கோட் ஏற்கெனவே பயன்பட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் போடும் வசதியே இல்லாத ப்ளேஸ்டேஷன் 5 மாடலும் உண்டு, வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

தடித்த தொகுப்பு வந்ததும் நடுவில் பிளந்து பிரிக்காதீர்கள், முதுகுப் பசை விரிந்து தாள் கழன்றுவிடும். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றித் தடவிப் படியவைத்துக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். பழைய வீட்டுச் சுவரலமாரியில் வைப்பவர்கள் சுவரை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் அட்டையில் ஏறும். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். சில வருடங்களில் பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். கடைக்குக் கொண்டுவாருங்கள், மெல்லிய தாள் வைத்து மைதாப் பசையில் ஒட்டித் தருகிறோம்.

அன்புடன்,
கடையார், காரைக்குடி