மர்ஃபிக்குக் கூக்காட்டின இரவு

ஸ்காபரோ
நவம்பர் 2025

மச்சான்,

நீ அனுப்பின ரெண்டு மெசேஜுக்கும் பதில் போடேல்லை, கோபிக்காதை. அம்மாவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. வீட்டில எல்லாரும் சுகம். கட்டையன் மகளுக்குச் சம்பந்தம் பேசுறான், அதை அவன்ர வாயாலயே கேள். நான் எழுத வந்தது சின்னவன்ர விசயம்.

போன சனிக்கிழமை காலமை அவன்ர ஐஸ் ஹொக்கி ஆட்டம். மூண்டாவது பீரியட், ரெண்டுக்கு ரெண்டு. எங்கட வலைக்குப் பின்னால பக்கை, அதுதான் அந்த ரப்பர் வட்டை, எடுத்த சின்னவன், அரங்கைச் சுத்தி நிக்கிற கண்ணாடியில அடிச்சு வெளிய விடாமல், தலையை நிமித்தி நடுவால ஒரு பாஸ் குடுத்தான். மற்றப் பக்கத்துப் பெடியன் மறிச்சு கோல் போட்டிட்டான். எனக்குப் பின்னால நிண்ட தகப்பன்மார் கூக்காட்டினாங்கள், மச்சான். பதினாலு வயசுப் பிள்ளைக்கு! "அந்தச் சின்னனை இருத்து" எண்டு ஒருத்தன் கோச்சைப் பாத்துக் கத்தினான். திரும்பி வரேக்க மார்க்கம் றோட் மட்டும் சின்னவன் ஒண்டும் கதைக்கேல்லை. பேந்து கேட்டான்: "அப்பா, இனி எல்லாத்தையும் கண்ணாடியில அடிச்சு விட்டால் போதும்தானே?"

எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஏனெண்டால் அந்தச் சத்தம் நான் போட்ட சத்தம். 96-97 குளிர்காலம், மேபிள் லீஃப் கார்டன்ஸ், கட்டையன்ர முதலாளி தந்த ரெண்டு ரிக்கற். எங்கட ரொறொன்ரோ லீஃப்ஸின்ர டிஃபென்ஸ்காரன் லாரி மர்ஃபியின்ர ஸ்டிக்கில பக் பட்டால் சனம் கூக்காட்டும். நானும் சேர்ந்து கத்தினன். நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷம். அவ்வளவு சனத்தோட ஒண்டாக் கத்தேக்க நானும் இந்த ஊராள் எண்ட மாதிரி இருந்தது. நீ கையைக் கட்டிக்கொண்டு இருந்தாய். சப்வேயில கேட்டாய்: "அந்தாள் விட்ட பிழை ஒண்டைச் சொல்லு பாப்பம்." என்னட்டைப் பதில் இருக்கேல்லை. அந்த மார்ச்சில அவரை டிட்றொயிற்றுக்குக் குடுத்தாங்கள். 1997, 1998 ரெண்டு வருஷமும் அவர் அங்க லீக்கின்ர உச்சமான ஸ்ரான்லி கோப்பையைத் தூக்கினார். கோல் போடுறதை விட, ஆள் வர முன்னமே சரியான இடத்தில நிக்கிறது அவற்ற கெட்டித்தனம் எண்டு நீ சொன்னது எனக்கு விளங்க எத்தினை வருஷம் எடுத்தது!

இப்ப பார், உன்ர மொன்றியல் டிஃபென்ஸ்காரன் லேன் ஹட்சன் முதல் முழுச் சீசனில எடுத்த 60 அசிஸ்ற் (கோலுக்குக் குடுத்த பாஸ்) ஆற்ற கணக்கைச் சமன் செய்தது? அதே மர்ஃபி 1980-81இல லொஸ் ஏஞ்சலிசில புதுப் பெடியனா எடுத்த கணக்கு. அதைக் கேட்ட அண்டைக்கு நான் உனக்கு ஃபோன் எடுத்திருக்க வேணும். எடுக்கேல்லை. அணியள் புதுப் பெடியங்களைப் பிரிச்செடுக்கிற 2022 டிறாஃப்ற் உங்கட ஊரில நடந்து, அவனை 62ஆவதா எடுத்தண்டு நான் உனக்குச் சொன்னது அவ்வளவும் பிழை. உயரம் காணாது, தட்டி விழுத்திப் போடுவாங்கள் எண்டு ரீவியில கேட்டதை அப்பிடியே உனக்கு ஒப்பிச்சனான். 5 அடி 9 அங்குலப் பெடியனை ரெண்டு வருஷம் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில ஆறுதலா விளையாட விட்டாங்கள். 1972இல உங்கட கோலி கென் டிறைடன் எடுத்த கோல்டர் விருதை, அதுதான் சிறந்த புதுமுகத்துக்கான விருதை, மொன்றியலுக்கு அடுத்ததாக் கொண்டு வந்தவன் அவன்தான். செப்ரெம்பரில டிறைடன் போன அண்டு அழுதழுது நீ சொன்னதும் இதைத்தான்.

கோச்சும் முக்கியம், மச்சான். உங்கட கோச் மாட்டின் சென் லூயியை டிறாஃப்றில ஒருத்தரும் எடுக்கேல்லை, கல்கரி 2000இல கை விட்டது. நாலு வருஷத்தில ரம்பாவில கோப்பையும் லீக்கின்ர மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதும். சின்ன உடம்பெண்டு கேட்டுக் கேட்டு வளந்த மனிசன், நீலக் கோட்டில நிண்டு தோளை ஒரு பக்கம் ஆட்டி மற்றப் பக்கம் வழுக்குற பெடியனைப் பாத்து "அதை விடு" எண்டு சொல்லுவாரோ?

எங்கட லீஃப்ஸ் என்ன செய்தது? 2008இல டிஃபென்ஸ்காரன் லூக் ஷெனை டிறாஃப்றில 5ஆவதா எடுத்து, அந்த ஒக்ரோபரே 18 வயசில பெரியாக்களோட இறக்கி விட்டது. நானும் கை தட்டினன், நீயும் தட்டினாய், மறக்காதை. அடிக்கிறான், மறிக்கிறான், வேறென்ன வேணும் எண்டு கேட்டம். நாலு வருஷத்தில அவனை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினாங்கள். பிறகு 2020, 2021இல ரம்பாவோட ரெண்டு கோப்பை. பெடியனில குறை இருக்கேல்லை, எங்களுக்குத்தான் பொறுமை இல்லை.

ஆனால் ரீவியில கதைக்கிற எல்லாரும் விசரர் எண்டு நீ சொல்லுறதை நான் இப்பவும் ஏற்கமாட்டன். முன்னுக்கு விளையாடுறவன் பிழை விட்டால் அவனுக்குப் பின்னால ரெண்டு பேர் நிப்பினம். டிஃபென்ஸ்காரன் விட்டால் அங்கால கோலி மட்டும்தான். அந்தப் பயம் உண்மை, விளையாடினவங்களுக்கு அது தெரியும். எனக்கு ஆத்திரம், பத்து ஆட்டத்தை வைச்சு ஒரு பெடியன்ர பத்து வருஷத்துக்குத் தீர்ப்புச் சொல்லுறது. சனிக்கிழமை இரவில அவங்கள் சொல்லுறது அடுத்த சனிக்கிழமை காலமை அரங்கில தகப்பன்மாற்ற வாயால வருது. எனக்குப் பின்னால நிண்டவங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் ஹட்சனைப் பற்றி உனக்குச் சொன்ன சொல்லு.

கோச்சோட கதைச்சனான். பெடியன் நல்லவன், பாஸ் குடுத்தது சரி, ஒரு நொடி பிந்தித்தான் குடுத்தவன் எண்டு சொன்னான். அதைச் சின்னவனுக்குச் சொன்னன். தலையாட்டினான். ஆனால் செவ்வாய்க்கிழமை பயிற்சியில ஒரு பாஸும் குடுக்கேல்லை, வந்ததெல்லாத்தையும் கண்ணாடியில அடிச்சான். நான் மேல இருந்து எண்ணிக்கொண்டிருந்தன்.

மர்ஃபிக்குக் கூக்காட்டின கதையை அவனுக்கு இன்னும் சொல்லேல்லை. உன்ர வீட்டில, உனக்கு முன்னால வைச்சுச் சொல்ல விருப்பம். தையில உங்கட பெல் சென்ரர் அரங்கில ஒரு ஆட்டத்துக்கு மூண்டு ரிக்கற் பார், காசு நான் தாறன். மேல இருந்தாலும் பறவாயில்லை, ஆனால் வெள்ளனப் போவம். ஆட்டம் தொடங்க முன்னம் அவங்கள் வந்து சுத்தேக்க சின்னவனை நீலக் கோட்டுக்கு நேர கண்ணாடியோட நிப்பாட்டு. ஹட்சன்ர கால் எப்பிடிப் போகுதெண்டு நீயே அவனுக்குக் காட்டு.

வெள்ளிக்கிழமை இரவு எடு, வீட்டில நிப்பன்.

உன்ர மச்சான்