ஒரு காட்டெருமையை மூன்று விதமாக எழுதலாம்

சேலம் மாவட்டத்தில் 4, 5ஆம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் ஆசிரியத் தோழர்களுக்கு,

வணக்கம். நான் ஏற்காட்டில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் 'நான் சென்ற பயணம்' கட்டுரை எழுதச் சொன்னேன். பதினொரு நோட்டிலும் ஒரே மாமல்லபுரம். ஒரு பிள்ளையும் அங்கே போனதில்லை. கைடில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கட்டுரை என்றால் அப்படித்தான் என்று பழக்கியது நான்தான்.

அப்புறம் ஒரு நாள் காலை வகுப்பு முழுக்கக் காட்டெருமைப் பேச்சு. முந்தின நாள் பொழுது சாயும்போது எஸ்டேட் பாதையில் நின்றிருக்கிறது. சரி, இதையே எழுதுவோம் என்றேன். காட்டெருமையைப் பார்த்திராத சேலத்துப் பிள்ளைக்கு ஒரு விளக்கம், வீட்டில் தம்பி தங்கைக்கு ஒரு கதை, வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம்.

விளக்கத்தில், முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் என்று எழுதினார்கள். கதையை ஒரு சிறுமி, "அம்மாயி சுள்ளிக்கட்டைத் தொப்புன்னு கீழே போட்டுச்சு" என்று தொடங்கினாள். அதே வரியை விண்ணப்பத்திலும் வைத்தாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, "ஆபீசருக்குச் சுள்ளிக்கட்டு எதுக்கு? எந்த இடம், எத்தனை மணி, அதை எழுது" என்றான். அவள் வரியை அடித்துவிட்டு, "பள்ளி விட்டு வரும் பாதையில், மாலை ஐந்தரை மணிக்கு" என்று எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். விண்ணப்பம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளை வாசிக்க வைக்க எவ்வளவோ பாடுபடுகிறோம். எழுதுவதற்கும் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். யார் படிக்கப்போகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். முதல் தடவை எழுதும்போது ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம். அதை இரண்டாம் தடவை பார்க்கலாம். எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. அம்மாப்பேட்டைப் பிள்ளை வீட்டில் தறி ஓடுகிறது, சிவதாபுரத்துப் பிள்ளை கொலுசு வேலையைப் பார்த்தே வளர்கிறது.

எங்கள் பிள்ளைகள் எழுதிய விளக்கத்தை மலையில் யாருக்குக் கொடுப்பது? இங்கே எல்லோரும் காட்டெருமையைப் பார்த்தவர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கும் உங்கள் வகுப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். வாசித்துவிட்டு, புரியாத இடத்தில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை