கூரையிலிருந்து தொடங்குங்கள்: வட மாகாண நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பாடசாலை, ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்குப் பொறுப்பான வட மாகாண அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போர் முடிந்து வன்னியில் மீளக்குடியேறிய காலத்தில் இங்கே பல பாடசாலைகளை அவசர அவசரமாகத்தான் எழுப்பினார்கள். பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழே படித்த நேரம், என்ன கூரை என்று யார் கேட்பது? ஆனால் அந்த அஸ்பெஸ்டோஸ் சீற்றுக்குக் கீழும் தகரத்துக்குக் கீழும் இன்றைக்கும் வகுப்பு நடக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் நடுப்பகுதியில், உச்சிவெயில் எங்களுக்கு நேர் தலைக்கு மேலே நிற்கும். சூடு பெரும்பாலும் கூரை வழியாகத்தான் இறங்கும். சீலிங் இல்லாத அறையில் மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் பிள்ளைகளின் தலையில் தள்ளுகிறது.

அலுவலக அறைகளுக்கு ஏசி வாங்கும் முன் இந்தக் கூரைகளுக்குக் காசு ஒதுக்குங்கள். தகரத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, கீழே சீலிங், முகட்டில் சூடு வெளியேற வழி. அஸ்பெஸ்டோசில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். அதை உரசினாலும் துளைத்தாலும் உடைத்தாலும் கிளம்பும் தூசு நுரையீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. விடுமுறைக் காலத்தில், நனைத்து, முழுத் தகடாக, பயிற்சி பெற்றவர்கள்தான் கழற்ற வேண்டும். தயவுசெய்து பெற்றோரைச் சிரமதானத்துக்குக் கூப்பிட்டு ஏணியில் ஏற்றாதீர்கள்.

அரைச்சுவரும் ஓடும் விறாந்தையும் உள்ள பழைய மண்டபங்களைக் கண்ணாடி போட்டு அடைக்கவும் வேண்டாம். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே மின்விசிறியே தேவைப்படாது.

மின்கட்டணமும் சின்ன விடயமல்ல, 2022இல் ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பழைய நாலடி ரியூப் லைற் சோக்கோடு சேர்த்து 40 வாற்ஸுக்கு மேல் இழுக்கும். எல்ஈடி அதில் பாதிக்கும் குறைவு.

அப்புறம் மழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, 2020இல் புரெவிப் புயலின்போது, 2025 நவம்பரில் டித்வாப் புயலின்போது, சனம் ஓடிப்போனது பாடசாலைகளுக்குத்தான். எங்களுக்குப் பாடசாலைதான் புகலிடம். அதனால் திருத்த வேலையை அந்த இரவுகளையும் நினைத்துச் செய்ய வேண்டும். கூரை காற்றில் பறக்காதபடி கொழுக்கியும் பட்டியும் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கிணற்றுக் கட்டும் மலசலகூடமும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மின்பெட்டி தரையோடு இருக்கக் கூடாது.

சோலார் போடுவதென்றால் மகிழ்ச்சி. ஆனால் மின்சார சபை லைனோடு மட்டும் இணைத்த சாதாரண இன்வேர்ட்டர், லைன் அறுந்தால் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு மின்சாரம் அடிக்காமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு, அது சரிதான். பற்றரி இல்லையென்றால், புயல் நேரத்தில் கூரை நிறையச் சோலார் தகடு இருந்தும் கீழே கைக்குழந்தையோடு இருக்கும் தாய் இருட்டில்தான் இருப்பாள். புகலிடமாகும் ஒவ்வொரு பாடசாலையிலும் சில விளக்குகள், தண்ணீர் மோட்டர், தொலைபேசி சார்ஜ் ஆகியவற்றுக்காவது தாங்கும் பற்றரியை மதிப்பீட்டிலேயே சேருங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் அது வராது.

எந்தப் பாடசாலைக்கு எந்த வேலை, எவ்வளவு பணம், எப்போது முடியும் என்ற பட்டியலை வரும் மாரிக்கு முன்னரே ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையிலும் ஒட்டுங்கள். வேலையை நாங்கள் வந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் இருந்து ஒரு பெற்றோர்