அண்ணனுக்கு ஒரு பள்ளி, தங்கைக்கு ஒரு பள்ளி

குவீன்ஸ், நியூயார்க்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டிக்கொண்டிருப்பாய். மகளை மாவட்ட மாதிரிப் பள்ளி விடுதியில் சேர்ப்பதா, நம்மூர்ப் பள்ளியிலேயே விடுவதா என்று கேட்டிருந்தாய். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

இங்கே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகள் 8 இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் மூன்று மணி நேரத் தேர்வு. ஆங்கிலமும் கணக்கும் மட்டும். பள்ளியில் வாங்கிய மார்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 25,000 பேருக்கு மேல் எழுதுவார்கள், ஏறக்குறைய 4,000 பேருக்கு இடம். அதற்காக இரண்டு வருடம் சனி ஞாயிறெல்லாம் மகன் அருணை டியூஷனுக்குத் துரத்தினேன். 2019இல் அந்த எட்டில் ஒன்றான புரூக்ளின் டெக் பள்ளி கிடைத்தது.

பெரிய பள்ளிதான், சந்தேகமில்லை. 6,000 பிள்ளைகள். பதினொன்றாம் வகுப்பில் கல்லூரி மாதிரி ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவன் கட்டடப் பொறியியல் எடுத்தான். ஆனால் பஸ், ரயில் என்று போகவே ஒன்றரை மணி நேரம். போதாததற்கு 2020 மார்ச்சில் கொரோனா வந்து, இரண்டாம் வருடத்தில் பாதிக்கு மேல் படுக்கையறையில்தான் படித்தான். அந்த இடத்துக்காகவா இத்தனை பாடு என்று நொந்துகொண்டேன்.

அவன் தங்கை நித்யாவும் அந்தத் தேர்வை எழுதினாள். எட்டுப் பள்ளிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அழுகை. நானும் ரகசியமாக அழுதேன், அதை அவளிடம் சொல்லவில்லை. அப்புறம் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடக்கிற வட்டாரப் பள்ளியில் சேர்ந்தாள். கூட்டம் அதிகம், ஷிப்ட் போட்டுத்தான் நடத்துகிறார்கள். ஆனால் மாநிலத் தேர்வு இருவருக்கும் ஒன்றுதான். ஆசிரியர்களின் சம்பள விகிதமும் ஒன்றே. அண்ணன் எழுதிய அதே ஏபி கால்குலஸ் என்கிற கல்லூரித் தரக் கணக்குத் தேர்வைத்தான் இவளும் இந்த வருடம் எழுதப் போகிறாள். வித்தியாசம் பக்கத்தில் உட்காரும் பிள்ளையில்தான் இருக்கிறது. அருணுக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால் சொல்லித்தரப் பத்துப் பேர் இருந்தார்கள். நித்யாவிடம் பத்துப் பேர் வந்து கேட்கிறார்கள். ஈக்வடாரிலிருந்து போன வருடம் வந்த ஒரு பெண்ணுக்கு இவள் பின்னம் சொல்லிக்கொடுத்து, அவளிடம் ஸ்பானிஷ் கற்றுக்கொள்கிறாள். முதலில் எனக்கு அது இழப்பாகத்தான் தோன்றியது. இப்போது அவள் பேசுவதைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்று. அருண் தேர்வான அதே வருடம், இந்த எட்டிலேயே பெரிய பேர் வாங்கிய ஸ்டைவசன்ட் பள்ளியில் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர்தான். அதற்கு முந்தைய வருடம் மேயர் தேர்வையே எடுத்துவிடலாம் என்றபோது, கூடாதென்று அட்டை பிடித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. தேர்வு நியாயம்தான் என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் டியூஷனுக்குக் கொட்டிக் கொடுத்த பணம் நினைவுக்கு வந்தால் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

சரி, உன் விஷயம். மாதிரிப் பள்ளியை ஒரு தடவை நேரில் போய்ப் பார். ரிசல்ட் பலகையை விடு. அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், சாப்பாடு எப்படி என்று கேள். முக்கியமாக உன் மகளுக்குப் போக ஆசையா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மீனா