ஷிராகாவின் கால், ஃபுஜிகோவின் கை

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மார்ச் மாதம் எனக்குத் தீபாவளிக்கு முந்தின வாரத்து ஜவுளிக்கடை மாதிரி. இங்கே ஹாங்காங்கில் ஆர்ட் பாசல் என்ற கலைச் சந்தை முடிகிறவரை வீட்டில் சமையல்கூட அவர்தான். இப்போதுதான் கடைசி ஓவியப் பெட்டிகளும் கிளம்பின. பத்மாவின் கல்யாணப் படங்களை எல்லாம் பார்த்தேன். உன்னைவிட உன் மாமியார்தான் அழகாகச் சிரித்திருக்கிறார்.

இந்த வருஷம் எந்தப் பெட்டியைத் திறந்தேன் தெரியுமா? ஜப்பானிய ஓவியர் கஸுவோ ஷிராகா! கும்பகோணம் காலேஜ் லைப்ரரியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, "இந்த ஆள் கயிற்றில் தொங்கிக்கொண்டு காலால் வரைகிறாரடி" என்று நீ சொன்னாயே, அவரேதான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கேலரி தன் பூத் முழுவதையும் அவருக்கே கொடுத்திருந்தது. கேலரியின் பெயரை எழுத மாட்டேன், வேலை அப்படி.

சந்தை நடக்கிற வான்சாயில் மார்ச் ஈரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், சுவரே வியர்க்கும். அதனால் பெட்டியை இறக்கியதும் திறக்க விட மாட்டோம், ஒரு நாள் ஹாலின் குளிரிலேயே கிடக்கட்டும் என்று விடுவோம். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு விரிசலையும் படமெடுத்துக் கண்டிஷன் ரிப்போர்ட் எழுத வேண்டும். சாதாரண ஓவியத்துக்கு ஒரு மணி நேரத்தில் முடியும். ஷிராகாவிடம் அது நடக்காது. பெயின்ட் சில இடங்களில் என் சுண்டுவிரல் உயரத்துக்குக் குவிந்திருக்கிறது. மேலே காய்ந்து, சுருங்கி, யானைத் தோல் போட்டிருக்கிறது. அவருக்குப் பிடித்த அந்தக் கருஞ்சிவப்பின் நடுவே குதிகால் வழுக்கிய ஒரு நீண்ட தடம், முடிகிற இடத்தில் ஐந்து விரல்கள் பெயின்டை ஒதுக்கிக் கரை கட்டியிருக்கின்றன. கட்டைவிரல் எது என்று தெளிவாகத் தெரிகிறது. "விரல் இடைவெளியில் மயிரிழை விரிசல்" என்று ரிப்போர்ட்டில் எழுதும்போது, ஓவியத்தைப் பார்க்கிறேனா ஒரு மனுஷனின் பாதத்தைப் பார்க்கிறேனா என்று எனக்கே குழப்பம்.

தரையில் விரித்து வரைந்ததைச் சுவரில் நிமிர்த்தி மாட்டுகிறோம். நான்கு பேர் தூக்கினோம்.

பூத்தின் பக்கச் சுவரில் ஒரு போட்டோ. 1955 அக்டோபர், டோக்கியோவில், ஷிராகா இருந்த குட்டாய் என்ற புதுமைக் கலைஞர் குழுவின் முதல் கண்காட்சி. ஷிராகா அரை நிர்வாணமாகச் சேற்றுக் குவியலில் புரண்டு மல்லுக்கட்டுகிறார். எழுந்து போனபின் அவர் விட்டுப்போன அந்தச் சேறுதான் படைப்பு. போர் முடிந்து பத்து வருஷம். பட்டாளத்துக்கு இழுக்கப்பட்ட தலைமுறை, குண்டில் எரிந்த ஒசாகாவின் பக்கத்து ஊர்க்காரர். குழுத் தலைவர் யோஷிஹாரா ஜிரோ இளைஞர்களுக்குப் போட்ட ஒரே கட்டளை, இதுவரை யாரும் செய்யாததைச் செய் என்பது. குழுவில் இருந்த முரகாமி காகிதத் திரைகளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தார். தனகா அத்சுகோ 1956-ல் மின்விளக்குகளாலேயே ஓர் உடை செய்து போட்டுக்கொண்டார்.

முன்திறப்பு நாளில் நல்ல உடையில் வந்த ஒருவர் அந்தச் சேற்றுப் படத்தைக் காட்டி, "இது விற்பனைக்கு இருக்கிறதா?" என்று கேட்டார். கேலரிப் பெண் புன்னகையோடு, "இல்லை, ஆனால் இதைப் பாருங்கள்" என்று கான்வாஸ் பக்கம் திருப்பினார்.

நீ உடனே, "பார்த்தாயா, கலகத்தைக் கடைச்சரக்காக்கிவிட்டார்கள்" என்று எழுதுவாய். நானும் முன்பு அப்படித்தான் பேசுவேன். ஆனால் சரக்கு அனுப்புகிறவளாகச் சொல்கிறேன், இது சந்தைக்காரர்கள் இன்று செய்த வேலை இல்லை. 1957-ல் பாரிஸிலிருந்து மிஷெல் தபியே என்ற விமர்சகர் ஜப்பான் வந்தார். குட்டாயைப் பார்த்து மயங்கினார், ஆனால் அவர் ஊக்குவித்தது ஓவியங்களைத்தான். கப்பலில் ஏற்றிப் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பக்கூடியது அதுதானே! சேற்றை எந்தப் பெட்டியில் போடுவது? அதன்பின் குழுவில் கான்வாஸின் பங்கு கூடிக்கொண்டே போனது. 1958-ல் நியூயார்க்கில் மார்த்தா ஜாக்சன் கேலரியில் அவற்றைப் பார்த்தவர்கள் அமெரிக்க ஓவியர் பொல்லாக்கின் சாயல் என்று ஒதுக்கினார்கள். இதில் வேடிக்கை, 1956-ல் பொல்லாக் இறந்தபின் அவர் வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே குட்டாய் இதழ்கள் கிடைத்தன. தபாலில் உலகெங்கும் தங்கள் இதழை அனுப்பிவைத்தவர்கள் அவர்கள். உலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கே இருந்தது. யோஷிஹாராவுக்குச் சமையல் எண்ணெய்க் கம்பெனி இருந்தது, செலவு தாங்கியது. நம் சென்னைப் பக்கத்துச் சோழமண்டல ஓவியர்கள் 1966-ல் பத்திக் துணி விற்றுக் கிராமம் எழுப்பியதை நினைத்துக்கொண்டேன்.

எனக்கு உறுத்தியது வேறு. பூத்தின் மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளைக் காகிதங்களைக் கசக்கி ஒட்டிய சின்ன வேலை ஒன்று. செய்தவர் ஃபுஜிகோ ஷிராகா, கஸுவோவின் மனைவி. அவரும் குட்டாயில் இருந்தவர்தான். 1961-ல் குழுவைவிட்டு விலகி, சொந்த வேலையை நிறுத்திக் கணவருக்கு உதவியாக நின்றுவிட்டார். கயிற்றில் தொங்குகிறவருக்குக் கான்வாஸில் பெயின்ட் கொட்டிக்கொடுத்தது அவர். எங்கே, எந்த நிறம், எவ்வளவு என்பதும் ஓவியத்தில் பாதிதானே? கால் அவருடையது, கை இவருடையது. ஆனால் கையெழுத்து ஒன்றுதான். அந்தக் காகித வேலைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை, நான் மட்டும் இரண்டு முறை போனேன். என் கண்ணுக்குப் பூத்திலேயே அதுதான் தைரியமான வேலை. நீ நிச்சயம் மறுப்பாய்.

கேலரிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மூலையாவது கொடுத்தார்களே. விலை எங்கேயும் எழுதியிருக்காது. பெரிய கான்வாஸ்களுக்கு மில்லியன் டாலர் கணக்கு. வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே பிடிஎஃப் போய்விடும், பாதி பேச்சு கதவு திறப்பதற்குள் முடிந்திருக்கும். இங்கே ஓவியத்துக்கு இறக்குமதித் தீர்வையும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. ஹாங்காங்கில் இந்தச் சந்தை செழிப்பதற்கு மற்ற காரணமெல்லாம் அப்புறம்தான்.

பொதுமக்களுக்குத் திறந்த நாளில் ஒரு முதியவர் வந்தார், பேத்தி கூட. ஷிராகா தன் ஓவியங்கள் பலவற்றுக்குச் சீனாவின் பழைய நாவல் ஒன்றில் வரும் 108 வீரர்களின் பெயர்களை வைத்தவர். தலைப்பு கான்ஜியில், அதாவது ஜப்பானியர் எழுதும் சீன எழுத்தில், இருந்ததால் தாத்தாவுக்கு வாசிக்க முடிந்தது. அவ்வளவுதான், அந்த வீரன் யாரை வெட்டினான், எங்கே ஒளிந்தான் என்று பேத்திக்குக் கையை வீசிக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேலரிப் பையனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கை கான்வாஸில் பட்டுவிடுமோ என்று தவித்தான்.

ஷிராகா 1971-ல் ஹியேய் மலையில் தெண்டாய் பௌத்தத் துறவியானார், வரைவதை விடவில்லை. இதைச் சொன்னால் உன் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார்.

உன் பள்ளிப் பிள்ளைகளைக் காலால் வரையவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகச் செய். ஆயில் பெயின்ட் மட்டும் வேண்டாம், தரை போய்விடும், ஹெட்மாஸ்டர் உன்னைத் தொங்கவிடுவார். போஸ்டர் கலரில் கொஞ்சம் மைதாக் கஞ்சி கலந்தால் தடம் நன்றாக நிற்கும். கேட்லாக் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், ஜூனில் வரும்போது கொண்டுவருகிறேன். வாடகைக்குப் பார்த்த வீடு என்னாயிற்று என்று எழுது.

அன்புடன்,
கல்யாணி