மூக்கிலிருந்து தண்டுவடத்துக்கு: ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கும், தம் உடலையே ஆய்வுக்குத் தந்த அன்பர்களுக்கும் வணக்கம்.

தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்ட என் தம்பி, ஆறு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவனுக்குப் பயிற்சி அளித்த மருத்துவர் ஒரு நாள் காலையில் காபி தம்ளரை அவன் மூக்கருகே நீட்டி, இந்த மணத்தை மூளைக்குச் சொல்லும் நரம்பு செல்கள் ஆயுள் முழுவதும் அழிந்து அழிந்து புதிதாகப் பிறக்கின்றன என்றும், தண்டுவடத்தில் அறுந்த நரம்பு இழைகளோ அப்படி மீண்டும் வளர்வதில்லை என்றும் விளக்கினார். மணத்துக்கும் தன் கால்களுக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று தம்பி கேள்விப்பட்டது அன்றுதான். பொறுமையாக உட்கார்ந்து சொன்ன அந்த மருத்துவருக்கு முதல் நன்றி.

அந்தத் தொடர்பைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் லண்டனின் நரம்பியல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரைஸ்மன். மூக்கிலிருந்து கிளம்பும் புது இழைகளைப் போர்த்தி, மூளைக்குள் வழிவிட்டு அழைத்துச் செல்லும் உறைசெல்களை அவர் 1985இல் விவரித்தார். அவற்றைத் தண்டுவடம் காயமுற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது இழைகள் வளர்ந்து, எலிகள் முன்னங்காலை நீட்டி உணவை எடுத்ததை 1997இல் அவருடைய குழு வெளியிட்டது. அவருடைய பிற்கால ஆய்வுகளுக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர், மகனின் முதுகெலும்பு முறிந்தபின் அறக்கட்டளை தொடங்கிய சமையற்கலைஞர் டேவிட் நிக்கல்ஸ். அவருக்கும் எங்கள் நன்றி.

போலந்தைச் சேர்ந்த டாரெக் ஃபிடிகா அவர்களே, 2010இல் கத்திக்குத்தில் தண்டுவடம் அறுபட்ட நீங்கள், உங்கள் மூளையில் மணச் செய்தி வந்து சேரும் நுகர்ச்சிக் குமிழ்களில் ஒன்றை எடுத்து அதன் உறைசெல்களைக் காயத்தில் வைக்க ஒப்புக்கொண்டீர்கள். 2012இல் அறுவை மருத்துவர் பாவெல் தபாகோவ் குழுவினர் கணுக்கால் நரம்பின் துண்டுகளால் 8 மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பாலமிட்டார்கள். பிறகு நீங்கள் மாதக்கணக்கில் நாள்தோறும் மணிக்கணக்காகச் செய்த பயிற்சியை நாங்கள் மறக்கவில்லை. நடைச்சட்டத்தைப் பிடித்து நீங்கள் எட்டு வைத்த காணொளியை என் தம்பி ஒலியை நிறுத்திவிட்டு, கால்களை மட்டும் பார்த்தான்.

எனினும் நான் மிகவும் கடன்பட்டிருப்பது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு. ஆலன் மெக்கே-சிம் அவர்களின் குழு 2002இல் தொடங்கிய பரிசோதனையில், நோயாளிகள் மூவருக்கு அவரவர் மூக்கின் உறைசெல்களே தண்டுவடத்தில் செலுத்தப்பட்டன. மூன்றாண்டுகள் கண்காணித்தபின், இது பாதுகாப்பானது, ஆனால் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று 2008இல் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். தம்பியைச் செல் சிகிச்சையால் நடக்க வைத்துவிடுவதாக ஒருவர் எங்களிடம் பல லட்சம் கேட்டிருந்தார். நிலத்தை விற்க அப்பா பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். பிரிஸ்பேன் முடிவை மருத்துவர் தமிழில் வாசித்துச் சொன்ன பிறகு பத்திரத்தைப் பீரோவில் திரும்ப வைத்தார். "முன்னேற்றம் இல்லை" என்று எழுத ஓர் ஆய்வாளருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதைச் சோதித்துச் சொல்லத் தம் உடலைத் தந்த அந்த மூவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என் கைகூப்பு.

ரைஸ்மன் 2017இலும் மெக்கே-சிம் 2023இலும் மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய வேலையைத் தொடர்பவர்களுக்கு இந்த மடல் சேரட்டும். இதைத் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் இருக்கும் தம்பி, டாரெக் அவர்களின் பெயரைப் பிழையில்லாமல் எழுதும்படி இரண்டு முறை சொல்லிவிட்டான்.

நன்றியுடன்,
ஓர் அக்கா